காத்ரஜ் முதல் சிங்ககட் வரை: ஒரு நாள் தனிநடை

புனே நகரில் வாழும் தமிழர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. நகரின் தென்புறத்தே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் பழுப்பு நிறக் குன்றுகளின் வரிசையே அது. அவ்வரிசையில் சதாரா செல்லும் சாலை கடக்கும் இடம் காத்ரஜ் கணவாய். அங்கிருந்து மேற்கே பார்வையைச் செலுத்தினால், உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் சிங்ககட் கோட்டை தென்படும். படைக்கலத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் பணியாற்றக் கிர்க்கிக்கும் தேகு ரோட்டுக்கும் வந்த தலைமுறையினரும், ராஸ்தா பேட்டையில் குடியமர்ந்த குடும்பத்தினரும், இன்று ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களை நாடி வரும் இளைஞரும் இக்குன்றுகளைப் பார்த்தே பழகியிருக்கின்றனர். ஆனால் பார்த்துப் பழகிய மலை வேறு. நடந்து அறிந்த மலை வேறு.

காத்ரஜிலிருந்து சிங்ககட் வரை குன்றுகளின் முகட்டு வழியே நடந்து செல்வது புனே நகரத்து மலையேறிகள் நன்கறிந்த நடையாகும். விடுமுறை நாள்களில் குழுக்களாகப் பலர் செல்கின்றனர். துணை எவரும் இன்றித் தனியே புறப்படுவோரும் உண்டு. ஊரையும் உறவினரையும் விட்டு வந்து, வாடகை அறையில் வாழும் இளைஞனுக்கு ஞாயிற்றுக்கிழமை நீண்டதொரு நாள். கண்ணெதிரே நிற்கும் குன்றுகள் அவனை அழைப்பது இயல்பே. அவன் தனியே போகலாமா? போவதாயின் எவற்றை அறிந்துகொண்டு போக வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இம்மலையின் இயல்பைக் காண்போம். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்த நம் முன்னோர், பாலையை மட்டும் தனி நிலமாகக் கொள்ளவில்லை. கடும் வேனிலில் காடும் மலையும் தம் இயல்பை இழந்து வறண்டபோது அவையே பாலையாக மாறுகின்றன என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. புனேயின் குன்றுகளைப் பார்ப்பவர்க்கு இக்கருத்தின் உண்மை எளிதில் விளங்கும். ஆகஸ்டு மாதத்தில் முழங்கால் அளவு பசும்புல்லும், மஞ்சளும் ஊதாவுமான சிறு பூக்களும், ஒவ்வொரு மடிப்பிலும் ஓடும் நீரும் காண்கிறோம். பிப்ரவரி பிறந்தால் அதே சரிவில் காய்ந்த வைக்கோல் நிறப் புல்லும் கருங்கல்லுமே எஞ்சுகின்றன. ஏப்ரலில் நிழல் தேடினாலும் கிடைப்பதரிது. குறிஞ்சி ஆறு மாதத்தில் பாலையாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் யாது? அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சகியாத்திரி மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, தன் நீரின் பெரும்பகுதியை அங்கேயே பொழிந்துவிடுகிறது. மலை முகட்டில் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 500 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஆகவே புனே நகரம் பெறுவது ஏறத்தாழ 70 சென்டிமீட்டரே. அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்து முடிந்துவிடும். சென்னையிலும் தஞ்சையிலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை இங்கே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மறக்கும் செய்தி இது. நம் ஊரில் தீபாவளிக்கு அடைமழை; இங்கோ தீபாவளிக்குள் மலையோடைகள் வற்றத் தொடங்கிவிடுகின்றன.

அடுத்து, காலடியில் உள்ள பாறையைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் வெடிப்புகளிலிருந்து எரிமலைக் குழம்பு அடுத்தடுத்து வழிந்து பரவி, அடுக்கடுக்காக உறைந்தது. அதுவே தக்காணத்தின் கருங்கற் பாறை. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும். மென்மையான அடுக்கு சரிந்து சாய்வாகும். இவ்வாறு மலை முழுவதும் மாபெரும் படிக்கட்டு போன்ற உருவத்தைப் பெறுகிறது. மேலிருந்து நோக்குபவனுக்குச் சாய்வுகள் மட்டுமே தெரியும். அவற்றினிடையே ஒளிந்துள்ள செங்குத்துப் பாறைகள் தெரியா. அடிவாரத்து ஊர் கண்ணுக்கு நேரே தெரிகிறதே என்று பாதையற்ற இடத்தில் இறங்கத் தொடங்குபவன், பாதி வழியில் இறங்கவும் இயலாமல் ஏறவும் இயலாமல் நிற்க நேரிடும். மேலும், இப்பாறை உதிர்ந்து உண்டாகும் முரம்பு, காய்ந்த சரிவில் மணிகளைப் பரப்பியது போலக் கிடக்கும். ஏறும்போது அது தொல்லை தருவதில்லை. இறங்கும்போதுதான் கால் வழுக்குகிறது.

இனி வழியைப் பார்ப்போம். பழைய காத்ரஜ் சுரங்கப் பாதையின் அருகே மேலேறினால் வாக்ஜாய் அம்மன் கோயில் உண்டு. நடை தொடங்கும் இடம் அதுவே. அங்கிருந்து முகடு மேற்கு நோக்கிச் செல்கிறது. ஒரு குன்றின் மேல் ஏறி, அதன் மறுபுறம் இறங்கி, அடுத்த குன்றின் மேல் ஏற வேண்டும். குன்றுகள் 13 என்று பலரும் கூறுவர். சிறு மேடுகளைச் சேர்ப்பதையும் விடுப்பதையும் பொறுத்து எண்ணிக்கை மாறும். தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வலப்புறத்தில், அதாவது வடக்கே, புனே நகரமும் கடக்வாஸ்லா நீர்த்தேக்கமும் விரிந்து கிடக்கும். இடப்புறத்தில் கேட்-சிவாபூர்ப் பள்ளத்தாக்கு. நீர்த்தேக்கம் வலப்புறம் இருக்கும்வரை திசை தவறவில்லை என்று கொள்ளலாம். முடிவில் முகடு சிங்ககட் மலைச்சாலையைச் சென்று சேரும். அங்கிருந்து மேலே சென்றால் கோட்டை. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர். புனே நகரமே 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை நினைவிற் கொண்டால், இக்குன்றுகள் பேருயரம் உடையவை அல்ல என்பது தெளிவாகும்.

பேருயரம் இல்லை என்பதே பலரை ஏமாற்றுகிறது. எந்தக் குன்றும் தனியே கடினமானதன்று. ஆனால் ஏறிய உயரத்தை இறங்கி இழந்து மீண்டும் ஏறுவதுதான் இந்நடையின் இயல்பு. இத்தகைய நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுதற்கு 1892-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் எளியதொரு விதி வகுத்தார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அதனுடன், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும் என்பது அவ்விதி. 15 கிலோமீட்டருக்கு 3 மணி நேரம் ஆகும். சிறு ஏற்றங்கள் அனைத்தும் கூடி 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மேலும் 2 மணி நேரம். ஆக 5 மணி நேரம். ஆனால் இது குளிர்நாட்டில், களைப்பறியாத நல்ல நடையாளிக்கு வகுத்த கணக்கு. வெயிலுக்கும், முரம்புச் சரிவில் மெல்ல இறங்குவதற்கும், உண்பதற்கும் ஓய்வுக்கும் இடம் கொடுத்தால் 8 மணி நேரம் என்று கொள்வதே பொருந்தும். டிசம்பரில் புனேயில் ஞாயிறு ஏறத்தாழ 7 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மறைகிறது. பகல் 11 மணி நேரமே. விடியற்காலையில் தொடங்குபவனுக்கு 3 மணி நேரம் மிச்சம். பத்து மணிக்குத் தொடங்குபவனுக்கு மிச்சம் என்பதே இல்லை.

நேரத்தைக் காட்டிலும் முதன்மையானது நீர். நாம் நடக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே காலை நகர்த்தும் உழைப்பாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். வெயிலில் மலையேறுபவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். காய்ந்த காற்றில் வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுவதால், சென்னையிலிருந்து வந்தவன் தனக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிவிடுகிறான். சட்டை நனையவில்லை என்பதால் நீர் இழக்கவில்லை என்று பொருளன்று. சட்டையில் வெண்மையாகப் படியும் உப்பே அதற்குச் சான்று.

வழியில் நம்பத்தக்க ஊற்றோ கிணறோ இல்லை. ஆகவே வேண்டிய நீர் அனைத்தும் முதுகிலேயே செல்ல வேண்டும். குளிர்காலத்தில் 4 லிட்டருக்குக் குறைவாக எடுத்துச் செல்லுதல் அறிவுடைமையாகாது; பிப்ரவரி இறுதியில் 5 அல்லது 6 லிட்டர் தேவைப்படும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆறு கிலோவைச் சுமந்து குன்று ஏறுவது துன்பந்தான். ஆனால் குடிக்கக் குடிக்கக் குறையும் சுமை அது ஒன்றே. வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் குருதியில் உப்பின் செறிவு குறைந்து தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றும். ஆகவே உப்பிட்ட மோரோ, ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் எனக் கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசலோ உடனிருத்தல் நலம். புளிச்சோறும் வறுகடலையும் இந்நடைக்கு ஏற்ற உணவு; இரண்டிலும் உப்பு உண்டு, வெயிலில் கெடுவதுமில்லை.

இங்கே தனிநடையின் உண்மையான இடர் எது என்பதை அறிய வேண்டும். பாம்பு என்பர் சிலர். சிறுத்தை என்பர் வேறு சிலர். இவை இரண்டும் இம்மலைகளில் உண்டு. ஆயினும் கல்லிடுக்கில் கைவிடாமலும் புல்லில் கண் வைத்தும் நடப்பவனுக்கு அவற்றால் துன்பம் நேர்வது அரிது. வெப்ப நோயின் தன்மை வேறு. முதலில் தாகமும் களைப்பும், பின் தலைவலியும் கிறுகிறுப்பும், அதன்பின் மனக்குழப்பம். உடலின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது மூளையே தடுமாறுகிறது. தான் நலமாக இருப்பதாகவும், இன்னும் இரண்டு குன்றுதான் என்றும் அவனுக்குத் தோன்றும். உடன் ஒருவன் இருந்தால் நண்பனின் பேச்சு குழறுவதைக் கண்டு நிழலில் அமர்த்தி, உடலில் நீர் தெளித்து விசிறுவான். தனியே செல்பவனுக்கோ, எந்த அறிவை நம்பி அவன் புறப்பட்டானோ அந்த அறிவே முதலில் கைவிட்டுப் போகிறது. தனிநடையின் இடர் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில், ஊருக்கு நடுவே கேமல்பேக் என்னும் மலை நிற்கிறது. அதுவும் பேருயரம் உடையதன்று. ஆயினும் கோடையில் அங்கே மயங்கி விழுவோரை மீட்பதிலேயே மீட்புப் படையினரும் துன்புற நேர்ந்தமையால், 2021-ஆம் ஆண்டு முதல் கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாள்களில் பகற்பொழுதில் அம்மலைப் பாதையை நகராட்சி மூடிவிடுகிறது. ஊரருகே நிற்கும் சிறு மலையே ஏமாற்ற வல்லது என்பதற்கு இது சான்று.

ஆகவே, தனியே செல்பவன் கொள்ள வேண்டிய நெறி ஒன்றே. முடிவுகளை மலையில் எடுத்தலாகாது. வீட்டில், குளிர்ந்த அறிவோடு இருக்கும்போதே எடுத்து, எழுதி, உடன் கொண்டு செல்ல வேண்டும். நடுப்பகல் 12 மணிக்குள் பாதி வழியைக் கடக்கவில்லையெனில் திரும்புவது என்பது ஒன்று. எடுத்துச் சென்ற நீரில் பாதி தீர்ந்தும் பாதி வழி எஞ்சியிருந்தால் நின்று கணக்கிடுவது என்பது மற்றொன்று. கால் பிசகினாலோ தலைவலி தோன்றினாலோ அடுத்த குன்றில் ஏறாமல் அறிந்த பாதையில் திரும்புவது என்பது மூன்றாவது. இவற்றை மீறுவதற்குத் தனக்கே உரிமை இல்லை என்று கொள்ள வேண்டும். மலையில் நிற்பவன் வாதாடுவான். இன்னும் சற்றுத் தூரந்தானே என்பான். வீட்டில் எழுதியவன் சொல்லே தீர்ப்பாதல் வேண்டும். இவ்வாறு நோக்கினால், தனியே செல்பவனுக்கும் துணை உண்டு. முதல்நாள் இரவில் அமைதியாக அமர்ந்து எழுதிய அவனே அத்துணை.

இரண்டாவது துணை அடிவாரத்தில் இருக்க வேண்டும். எவ்வழியே செல்கிறேன், எத்தனை மணிக்குள் மலைச்சாலையை அடைவேன், எத்தனை மணி வரை செய்தி வராவிடில் உதவி தேட வேண்டும் என்பதை ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல் கடமை. அறைத் தோழரோ அண்டை வீட்டு மராத்தியக் குடும்பத்தினரோ அதற்கு ஏற்றவர். ஊரில் உள்ள தாயிடம் சொல்லுவது மட்டும் போதாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் கவலைப்படலாம்; தேடி வர இயலாது. புலம்பெயர்ந்து வாழ்வோர் இதைச் சிறப்பாக எண்ண வேண்டும். நாம் காணாமற் போனால் மறுநாள் காலை வரை எவரும் தேடாத வாழ்க்கையைப் பலர் இங்கு வாழ்கின்றனர். கைப்பேசி முகட்டின் பல இடங்களில் வேலை செய்யும். சில மடிப்புகளில் செய்யாது. அவசர உதவிக்கு நாடு முழுதும் உள்ள எண் 112. மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசி கல்லுக்குச் சமம். ஆதலால் படம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பருவத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையே தனிநடைக்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் மூடுபனியால் திசை மறையும், பாறை வழுக்கும். மார்ச் முதல் மே வரை பகலில் இவ்வழியைத் தவிர்த்தலே நன்று. கோடையில் புனே மக்கள் நிறைநிலா நாளில் குழுவாகச் சேர்ந்து இரவில் இம்முகட்டைக் கடக்கின்றனர். பாலையில் பகலைத் தவிர்த்து இரவில் வழிநடத்தல் பழந்தமிழரும் அறிந்த முறையே. காய்ந்த புல் சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். நெருப்பு மூட்டுதல் கூடாது. கோட்டைப் பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். அவற்றின் அருகே புகையும் கூச்சலும் ஆகா.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஒருவன் தனியே நடக்கத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். முதல்முறை குழுவுடன் சென்று வழியை அறிந்தவன், உடல்நலம் உடையவன், மேற்கூறிய நெறிகளை ஏற்பவன் தாராளமாகச் செல்லலாம். அவன் பெறுவது சிறிதன்று. பேச்சு இல்லாத நடையில் காதும் கண்ணும் விழித்துக்கொள்கின்றன. சகியாத்திரிச் சரிவுகளில் புதராக வளரும் கார்வி என்னும் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. நீலகிரியில் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சியும் அதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வலப்புறத்தில் அமைதியாகக் கிடக்கும் கடக்வாஸ்லா நீர்த்தேக்கம், 1961 ஜூலை 12 அன்று மேலே இருந்த பான்ஷெட் அணை உடைந்தபோது தானும் உடைந்து புனே நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. இவற்றை எல்லாம் ஒவ்வொரு குன்றிலும் நின்று சிந்திக்க, தனியே நடப்பவனுக்கே நேரம் வாய்க்கும்.

கோட்டையை அடைந்தால் பானையில் உறைந்த தயிரும், சோள ரொட்டியும், கடலைமாவில் செய்த பிட்லாவும் விற்கும் பெண்களைக் காணலாம். அங்கே ராஜாராம் மகாராஜாவின் நினைவிடமும் உண்டு. சிவாஜியின் இளைய மகனாகிய அவர், 1689-இல் முகலாயப் படைக்குத் தப்பித் தமிழகத்தின் செஞ்சிக் கோட்டையை அடைந்து, அங்கிருந்தே மராத்திய அரசை நடத்தினார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் செஞ்சி வீழ்ந்தது. அதற்குள் தப்பித் திரும்பிய அவர் 1700-இல் இந்தச் சிங்ககட்டில் மறைந்தார். தமிழ்நாட்டு மலைக்கோட்டையில் ஆண்டுகள் பல கழித்தவர் இறுதியில் உறங்கும் இடத்தில் நின்று தயிர் உண்ணும் தமிழனுக்கு, இம்மலை அயல்நாட்டு மலையாகத் தோன்றாது.

இக்கோட்டையைப் பற்றி மராத்தியர் சொல்லி வரும் கதையொன்றும் உண்டு. 1670 பிப்ரவரியில் தானாஜி மாலுசரே தன் வீரர்களுடன் இரவில் செங்குத்துப் பாறையில் கயிறு கொண்டு ஏறினார். போரில் அவர் வீழ்ந்ததும் வீரர்கள் பின்வாங்க முற்பட்டனர். அப்போது அவர் தம்பி சூர்யாஜி, ஏறி வந்த கயிற்றை அறுத்துவிட்டேன், இனிப் போரிடுவதன்றி வழியில்லை என்றாராம். கோட்டை கைவசமாயிற்று. போர்வீரனுக்குக் கயிற்றை அறுத்தல் பெருமை தரலாம். விடுமுறை நாளில் மலையேறும் நமக்கோ கயிற்றை அறுக்காமல் வைத்திருப்பதே பெருமை. திரும்பும் வழியையும், அதற்கு வேண்டிய நீரையும், அதற்குரிய பகலையும் எப்போதும் கையில் வைத்திருப்பவன் எட்டாவது குன்றில் திரும்பினாலும் தோற்றவனல்லன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அக்குன்றுகள் அங்கேயே நிற்கும். அவற்றைக் காண நாமும் இருக்க வேண்டும்.